ஒன்பதாம் வகுப்புக்குப் போன சீர்

சிலருக்கு நகை மேல் ஆசை இருக்கும், சிலருக்கு மாடி வீட்டின் மேல். மாஜிதாவுக்கு ஒன்பதாம் வகுப்பின் மேல் ஆசை. வயது முப்பத்தெட்டு. புருஷன் முகம்மது கனி தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். ஒரே மகள் ஷஹானா, தாயின் தோள் உயரத்துக்கு வளர்ந்தாயிற்று. இனி உனக்கு எதற்கு ஒன்பதாம் வகுப்பு என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அதனால் கேட்கவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்.

அவள் பிறந்ததும் வாழ்வதும் ஒரே தெருவில்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கிய மேட்டுத் தெரு, நகராட்சியின் கடைசி வார்டு. குடிதண்ணீர் அங்கே கடைசியாகத்தான் வரும். தேர்தல் வந்தால் மட்டும் வேட்பாளர் முதலில் வருவார். தெருவில் பாதி முஸ்லிம் வீடுகள். ஒரு காலத்தில் தறியில் ஓடிய குடும்பங்கள், இப்போது வளைகுடாவில் இருக்கும் ஆண்களின் சம்பளத்தில் ஓடுகின்றன. மறுபாதியில் வயல் வேலைக்குப் போகிறவர்களும், சீசன் வந்தால் அருவிக்கரையில் கடை போடுகிறவர்களும் இருந்தார்கள். இரண்டு பாதிக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் ஏற அரசாங்கத்துக்கு மூச்சு வாங்கிவிட்டது போலிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வேண்டும் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். ரோடு வரை நடந்து, ஒரு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாற வேண்டும். பையன்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளின் மடிக்குப் பீடி சுற்றும் தட்டு வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு என்றால் அந்தத் தெருவுக்கு ஒரு பயம். எந்தக் காலத்திலோ ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் வைத்து யாரோடோ போய்விட்டாளாம். அவள் பெயர் என்ன, யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. போனவள் எங்கோ நன்றாக வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்திருப்பாள். தண்டனையை மட்டும் அவளுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் இன்னும் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

மாஜிதா எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க். கணக்கு என்றால் உயிர். அவளுடைய வாப்பா ஒலி முகம்மது நல்ல மனுஷர், மகளை ஒருநாளும் அதட்டியதில்லை. அந்த வருஷம் டீச்சர் ஒருவர் வீட்டுக்கே வந்து, இந்தப் பிள்ளையை நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினார். வாப்பா அவருக்கு டீ கொடுத்து, பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், இரண்டு பஸ் மாற்றி எப்படி அனுப்புவது என்று தாழ்மையாகவே கேட்டார். டீச்சர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று மாஜிதா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கைவேகத்தில் பெயர் எடுத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், பீடி சுற்றுகிறவர்களுக்குக் கம்பெனி தரும் கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தது, கல்யாணமும் நடந்தது. குறை என்று எதையும் சொல்ல முடியாத வாழ்க்கைதான். ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் புதுப் புத்தகத்தோடு பிள்ளைகள் போவதை அவள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

கொரோனா வருஷத்தில் கனிக்குப் பாதிச் சம்பளம் ஆனபோது, வாசலுக்கு வேன் வரும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியிலிருந்து ஷஹானாவை எடுத்து மேட்டுத் தெருப் பள்ளியில் சேர்த்தார்கள். நிலைமை சரியானதும் திரும்ப அங்கேயே போட்டுவிடலாம் என்றான் கனி. நிலைமை சரியானது, ஆனால் ஷஹானா அசைய மறுத்தாள். அவளுக்கு அங்கே உலகம்மாள் என்று ஒரு கூட்டாளி கிடைத்திருந்தாள். உலகு, உலகு என்று வாய் ஓயாது.

பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். படிக்கிற பிள்ளையின் தாய் ஒருத்தி தலைவியாக வேண்டும் என்று தலைமையாசிரியை ஜெயசித்ரா டீச்சர் சொல்லிவிட்டுக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாத் தலையும் குனிந்துகொண்டது. மாஜிதாவின் தலை குனிவதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது, பிடித்துப் போட்டுவிட்டார்கள். குழாய், கழிவறை என்று ஏதாவது கேட்பாள் என்றுதான் டீச்சர் நினைத்திருப்பார். முதல் கூட்டத்திலேயே மாஜிதா எழுந்து, இந்தப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க வேண்டும் என்றாள். ஷஹானாவும் உலகுவும் அப்போது ஆறாம் வகுப்பு. அவர்கள் எட்டை முடிப்பதற்குள் இங்கேயே ஒன்பது வந்துவிட வேண்டும். அதுதான் அவள் போட்ட கணக்கு.

அதற்குத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குப் போதிய ஆள் வேண்டும். ஆனால் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மேட்டுத் தெருவில் பாதித் தாய்மார் குற்றாலத்தில்தான் இருப்பார்கள். உலகுவின் அம்மா முத்துவடிவு ஐந்தருவி போகும் வழியில் தள்ளுவண்டி போட்டு மக்காச்சோளம் சுடுகிறவள். சீசனில் ஒருநாள் கடையை மூடினால் வருஷம் பூராவும் வருத்தப்பட வேண்டும். மாஜிதா யோசித்தாள். அவர்கள் வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று தீர்மான நோட்டைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஜெயசித்ரா டீச்சரையும் இழுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் பஸ் ஏறினாள்.

அன்றைக்குக் கூட்டம் சோளக்கடையில் நடந்தது. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு தீர்மானத்தை வாசிக்க, உடம்பெல்லாம் எண்ணெய் வழியக் குளிக்கப் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெண்பிள்ளைகளால் இரண்டு பஸ் மாறி அவ்வளவு தூரம் போக முடியாது, ஆகவே உள்ளூரிலேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று மாஜிதா எழுதியிருந்தாள். முத்துவடிவு சோளத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கரிக் கையோடு கையெழுத்துப் போட்டாள். பக்கம் முழுக்க விரல் அடையாளம். அப்புறம் கலெக்டர் ஆபீஸில் ஒருவர் இது என்னம்மா கறை என்று கேட்டதற்கு, சோளக்கரி சார் என்று மாஜிதா உண்மையையே சொன்னாள்.

திங்கள்கிழமைதோறும் மனு கொடுக்கும் நாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று அவள் விடாமல் போனாள். பிள்ளைகள் எத்தனை பேர், கட்டிடம் எவ்வளவு, மைதானம் எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் கேட்பார்கள். மூன்றாம் வருஷம், ஷஹானா எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஓர் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டார். பாவம், நல்ல மனசில் சொன்ன வார்த்தை. அந்த 'கிட்டத்தட்ட' மேட்டுத் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முடிந்தது என்பது மட்டும் வந்து சேர்ந்தது.

பேசி முடித்தாயிற்று என்றால் அடுத்து என்ன செய்வார்கள்? சீர் கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கல்விச்சீர் எடுப்பது நம் பக்கத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. அதை எடுத்துவிட வேண்டும் என்று தெரு துள்ளியது. தம்மாமிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பைக் கனி தட்டி எழுப்பினான். சோளக்கடையும் சிப்ஸ் கடையும் தங்கள் பங்கைப் போட்டன. ஆசாரி ஜஸ்டின் பத்து ஜோடி பெஞ்சும் டெஸ்க்கும் செய்தார். செய்ததோடு விடாமல் ஒவ்வொரு டெஸ்க்கிலும் மஞ்சள் பெயிண்டில் 'ஒன்பதாம் வகுப்பு' என்று அழகாக எழுதியும் கொடுத்தார். உத்தரவு வரட்டுமே என்று ஒருவர் இழுத்தபோது மாஜிதாதான் மறுத்தாள். சீர் வந்து இறங்கின பிறகு எந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று கேட்டாள். அரசாங்கம் மாப்பிள்ளை வீடு இல்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

தை மாதம் ஒரு நல்ல நாளில் சீர் கிளம்பியது. ஒரு பக்கம் முஸ்லிம் கல்யாணத்தில் அடிக்கும் தப்ஸ், ஒரு பக்கம் நையாண்டி மேளம். பழத்தட்டு, பூத்தட்டு, சுவர்க்கடிகாரம், பின்னால் இரண்டு மினி லாரியில் பெஞ்சுகள். தாய்மாமன் இடத்தில் யார் நடப்பது என்று சண்டை வந்து, கடைசியில் முத்துவடிவின் புருஷன் இசக்கிப்பாண்டிக்குத் துண்டைப் போட்டு முன்னால் விட்டார்கள். பள்ளி வாசலில் ஜெயசித்ரா டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பழத்தட்டை வாங்கும் வரை முகம் நன்றாகத்தான் இருந்தது. டெஸ்க்கில் எழுதியிருந்ததைப் படித்ததும் வெளுத்துவிட்டது.

"நம்மகிட்ட ஒன்பதாம் வகுப்பே இல்லையேம்மா. இல்லாத வகுப்புச் சாமானை நான் எந்த ரிஜிஸ்தர்ல ஏத்த?" என்றார்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. எழுத்தை அழித்துவிட்டுக் கொடுத்தால் மற்ற வகுப்புக்கு வாங்கிக்கொள்வதாக டீச்சர் சொல்லிப் பார்த்தார். மாஜிதாவுக்கு மனசு வரவில்லை. அழித்தால் கேட்டதை நாமே வேண்டாம் என்று சொன்னது போல ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. மினி லாரிகள் திரும்பின. பத்து ஜோடியும் அவள் வீட்டு முன் ஹாலில் இறங்கியது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை என்று தெரு இரண்டு மாதம் சிரித்தது. கனி வீடியோவில் பார்த்துவிட்டு, நான் லீவுக்கு வந்தால் படுக்க இடம் உண்டா, இல்லை பெஞ்சு மேல் நிற்கணுமா என்று கேட்டான்.

சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் எட்டுப் பேரும் அந்த ஹாலில் வந்து படிப்பார்கள். காலையில் ஹால் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் மாஜிதா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, டெஸ்க்கில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவாள். அந்த உயரம் பீடி சுற்றத் தோதுப்படாது, தோள் வலிக்கும். இருந்தாலும் அங்கேதான் உட்காருவாள்.

மே மாதம், உயர்நிலைப் பள்ளியாக ஆக்கப்படும் பள்ளிகளின் பட்டியல் வந்தது. ஆலங்குளம் பக்கத்தில் ஒரு பள்ளியின் பெயர் இருந்தது, மேட்டுத் தெரு இல்லை. மைதானம் போதாதாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஜெயசித்ரா டீச்சர் ஆறுதல் சொன்னார். அடுத்த வருஷம் என்பது அரசாங்கத்துக்கு ஒரு தேதி. எட்டு முடித்த பிள்ளைக்கு அப்படி ஒன்று கிடையாது. மடியில் தட்டு ஏறிவிட்டால் ஏறியதுதான், அது மாஜிதாவுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? டீச்சர் முன்னால் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று அழுதாள்.

ஷஹானாவுக்கு ஒரு வழி இருந்தது. வேன் பள்ளியில் இடம் பேசிவிட்டதாகக் கனி சொன்னான். மாஜிதாவுக்கு, நிஜத்தைச் சொன்னால், பாதி மனசு நிம்மதியாயிற்று. தன் வயிற்றுப் பிள்ளையாவது ஒன்பதைப் பார்க்கும். அதைச் சொல்லாமல் மறைப்பது சரியில்லை என்று, முத்துவடிவிடம் தானே சொல்லிவிட ஐந்தருவிக்குப் போனாள். சீசன் தொடங்கியிருந்தது. உலகு வண்டியில் நின்று சோளத்துக்கு உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷஹானா சொல்லி அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாஜிதாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஷஹானாவுக்கு என்றைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, புது யூனிபார்ம் என்ன கலர் என்று கேட்டாள். பொறாமை இல்லை, கோபம் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாஜிதா கலரை மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போனாள்.

உலகுவை டவுன் பள்ளிக்கு அனுப்பினால் என்ன என்று அவள் இசக்கிப்பாண்டியிடம் கேட்டாள். அவர் சோள மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"பொம்பளப் பிள்ளையளால அம்புட்டு தூரம் போக முடியாதுன்னு நீங்கதான தாயி எழுதிக் குடுத்தீய. இந்தா, உலகு அம்மையுங்கூட அதுல கையெழுத்துப் போட்டிருக்கா."

மூன்று வருஷமாக, திங்கள் தவறாமல், ஊர் கேட்க, அதிகாரி கேட்க மாஜிதா சொல்லிவந்தது அதைத்தானே? வாப்பா அன்றைக்குச் சொன்னதையே அவள் அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை வாங்கி, தெருவுக்கே பாடமாக்கியிருந்தாள். உள்ளூரில் பள்ளி கேட்டது தப்பில்லை, அது இன்றைக்கும் நியாயம். ஆனால் பிள்ளையால் போக முடியாது என்பதை அவளும் நம்பியிருந்தாள். நம்பியதால்தான் அவ்வளவு நன்றாக எழுத வந்தது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"தனியா அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. நான் கூடப் போறேன். காலையில கொண்டுபோய் விட்டு, சாயந்தரம் கூட்டிட்டு வாரேன்."

எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் என்றாள். அவர் முத்துவடிவைப் பார்த்தார். முத்துவடிவு அடுப்பை விசிறுவதை நிறுத்தாமல், நாளைக்கே பேரைக் குடுத்துட்டு வாங்க மைனி என்றாள்.

மற்ற வீடுகள் அவ்வளவு லேசில் மசியவில்லை. ஒரு வீட்டில் மாமியார், ஒரு வீட்டில் துபாயில் இருக்கும் அண்ணன். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள், உன் மகள் எதில் போகிறாள் என்று. முதல் வீட்டில் கேட்டபோதே மாஜிதா, பஸ்ஸில்தான் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் கனிக்குப் போன் போட்டாள். அவனுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. வாசலுக்கு வேன் வரும்போது என் பிள்ளை ஏன் ரோட்டில் நிற்க வேண்டும் என்றான். என் மகளை வேனில் ஏற்றிவிட்டு ஊரார் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றினால் எவர் நம்புவார்கள் என்று இவள் கேட்டாள். மூன்றாம் நாள், ரோடு கடக்கும்போது உலகுவின் கையைப் பிடித்துக்கொள் என்று ஷஹானாவுக்கு அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

பெஞ்சுகளை மாஜிதா மேட்டுத் தெருப் பள்ளிக்கே கொடுத்துவிட்டாள். எழுத்தை மண்ணெண்ணெய்த் துணியால் அவளே அழித்தாள், பத்து டெஸ்க்கும் அழித்து முடிக்க ஒரு பகல் ஆயிற்று. ஷஹானா அந்தப் பள்ளியை விட்டுப் போய்விட்டதால் மாஜிதா இனித் தலைவியும் இல்லை. கடைசிப் பையன் நாலாம் வகுப்பில் இருப்பதால் முத்துவடிவுதான் அடுத்த தலைவி. மனு நிற்கக்கூடாது, பிள்ளைகளால் போக முடியாது என்ற வாசகத்தை மட்டும் மாற்று என்று சொல்லி நோட்டை அவள் கையில் கொடுத்தாள்.

பள்ளி திறந்த அன்று எட்டுப் பிள்ளைகளும் எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடையோடு ரோட்டில் நின்றார்கள். பஸ் வந்தது. பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ், கண்டக்டர் ஒன்பது டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாஜிதா பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைகோர்க்க வைத்தாள். அங்கே ஒருவரும் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செங்கோட்டை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஓடினார்கள், டீ குடிக்கிறவர்கள் குடித்தார்கள். அடுத்த பஸ் வந்தது, ஏறினார்கள், இறங்கினார்கள். பள்ளி வாசலில் எட்டுப் பேரையும் எண்ணி உள்ளே விட்டாள். உலகு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஷஹானா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

மாஜிதா மதிலோரமாக நின்று போனில் மணியைப் பார்த்தாள். ரோட்டில் பஸ் ஏறியதிலிருந்து இருபத்தேழு நிமிஷம் ஆகியிருந்தது. அவளுக்குத் தெரியாத வழியா? ஜவுளி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, மனு கொடுக்க என்று எத்தனை தடவை வந்த வழி. பள்ளிக்கூடம் போகிற வழியாக மட்டும் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

போன் அடித்தது, கனி. அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம். பிள்ளைகள் பத்திரமாகப் போய்விட்டார்களா என்று கேட்டான். போயிட்டாளுக என்றாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான், அப்புறம் ஏன் அழுகிறாய் என்றான்.

"இருபத்தேழு நிமிஷந்தான் மச்சான். அன்னைக்கு யாராவது ஒருத்தர் என் கூட வந்திருந்தாப் போதும்."

கனி போனை வைக்கவில்லை. உள்ளே ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மாஜிதா கடைசிப் பெயர் வரை நின்று கேட்டுவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று அவனிடம் சொன்னாள்.